கொடுமுடித் தீர்த்தம் குடித்த கார்

எங்கள் காரில் முதலில் வந்தது பாகு வாசம். வெல்லத்தைத் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தால், பதம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு வாசம் எழும்புமே, அதுவேதான். கொழிஞ்சாம்பாறைச் சந்தையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது என் மூக்கில் ஏறியது. காய்கறிப் பையைக் கிளறிப் பார்த்தேன். அன்றைக்கு நான் வெல்லமே வாங்கவில்லை.

"ஏனுங்க, வண்டிக்குள்ள பாகு காச்சற மாதர வாசம் வருதுங்க" என்றேன்.

"உனக்கு எப்பப் பாரு திங்கற நெனப்பு" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவரிடம் வண்டியைப் பற்றிக் குறை சொல்வதும் அவர் அம்மாவைப் பற்றிக் குறை சொல்வதும் ஒன்று. கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற டீசல் கார் அது. வாங்கிய நாளிலிருந்து அதைத் துடைத்துத் துடைத்தே பாதி பெயின்டைக் கரைத்துவிட்டார். தென்னந்தோப்புக்குப் போக மொபெட், மழை பெய்தாலும் மொபெட். கார் கல்யாணம், கருமாதி, கோயில், ஆஸ்பத்திரிக்கு மட்டும்.

அந்தக் காருக்கு ஒரு குணம் உண்டு. கோயம்புத்தூருக்கு, பொள்ளாச்சிக்கு, பழநிக்கு எல்லாம் குதிரை மாதிரி ஓடும். உடும்பஞ்சோலை என்று யாராவது சொன்னால் போதும், கெட்டுப்போய்விடும்.

உடும்பஞ்சோலையில்தான் எங்கள் மகள் இருக்கிறாள். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போனவள், அங்கே சூப்பர்வைசராக இருந்த பையனைப் பிடித்துக்கொண்டாள். அவனுடைய அப்பா அம்மாவுக்கு உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம். சாதி வேறு, பேச்சு வேறு. சாப்பாட்டில் போடும் புளியின் அளவுகூட வேறு. ஆனாலும் அவள் ஓடிப்போகவில்லை. எங்களிடம் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறித்தான் போனாள். அப்பாதான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்தன்று காருக்குக் கிளட்ச் கெட்டது. நான் என் தம்பியோடு பஸ்ஸில் போய் நின்று தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் அந்தக் கிளட்ச் தானாகவே சொஸ்தமாகி, அவரைக் கோயம்புத்தூர் தேங்காய் மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு நான் மட்டும்தான் மலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அப்பாவும் மகளும் போனில் பேசுவார்கள். மழை உண்டா, தேங்காய் என்ன விலை, ஏலக்காய் என்ன விலை. அவ்வளவுதான்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாசம். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும்போது கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். புளிசோறு, தயிர்சோறு, எள்ளுச்சோறு என்று வகைவகையாகக் கிளறி, தூக்குகளில் அடைத்துக்கொண்டு, பெற்றவர்கள் இருவரும் நேரில் போய்க் கூப்பிட வேண்டும். நாளும் பார்த்தாயிற்று, வெள்ளிக்கிழமை. அதை விட்டால் எட்டாம் மாசம் பிறந்துவிடும், மலைப்பாதையில் அழைத்து வரக் கூடாது.

மகள் போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "அப்பா வந்து கூப்புட்டாத்தான் வருவேன். டாக்சி கீக்சி அனுப்பினீங்கன்னா அதுல ஏலக்கா மூட்டைய ஏத்தித் திருப்பி அனுப்பிருவேன்."

அவளுடைய மாமனார் அந்தப் பக்கம் நின்று போனை வாங்கினார். "சம்மந்தியம்மா, ஒங்க வண்டி மலை ஏறுமா? இல்ல நம்ம ஜீப்ப அனுப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர், நல்லதாகத்தான் கேட்டார். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் தட்டில் இருந்த தோசையைப் பார்த்தபடியே, "ஜீப்பெல்லாம் வேண்டாமுங்க. எங்க வண்டியிலயே வந்தர்றோம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் முருகனுக்கு எத்தனை செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்தேன் என்பது முருகனுக்குத் தெரியும், என் குடலுக்கும் தெரியும். அதனால்தான் பாகு வாசம் இரண்டாம் தடவை வந்தபோது நான் பேசாமல் இருந்தேன். வண்டிக்கு ஏதோ வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும், வெள்ளிக்கிழமை போச்சு.

ஆனால் வண்டி என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. போர்ட்டிகோத் தரையில் பச்சைப் பச்சையாகச் சொட்டு விழ ஆரம்பித்தது. அது ஏசித் தண்ணீர் என்றார் அவர். டீசல் வீணாகும் என்று அவர் ஏசியே போடுவதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் வெள்ளைப் புகை. பனி என்றார். சித்திரை வெயிலில் என்ன பனியோ. அப்புறம் ஒருநாள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நிற்காமல் மேலே போவதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீர் டப்பாவைத் தட்டினார். "கொறஞ்சிருக்குது" என்றார். பிறகு வானத்தைப் பார்த்து, "இந்த வண்டி மலைக்கெல்லாம் தாங்குமோ என்னமோ" என்றார்.

கிளட்ச் விவகாரத்தின்போதும் இதே மாதிரி வானத்தைப் பார்த்தபடிதான் ஆரம்பித்தார்.

ராத்திரி பூஜை அறையில் முருகனிடம் கேட்டேன். "உனக்கு மயில் இருக்குது. அதுக்கு டீசலும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம், ரெண்டு புழுவப் போட்டாப் பறந்துரும். எங்க நெலமை உனக்கு எங்க தெரியப் போகுது? சூரனக் கொல்ல அத்தன படையக் கூட்டிட்டுப் போனியே, என்ற புள்ளையக் கூட்டியார ஒரு காரச் சும்மா நிக்காம ஓட்ட முடியாதா உன்னால?" முருகன் வழக்கம் போலச் சிரித்தபடி இருந்தார். படம் வரைந்தவன் அவரைச் சிரிக்க வைத்துவிட்டான். அவரும்தான் என்ன செய்வார்?

அப்போதுதான் படத்துக்குக் கீழே இருந்த கேன் கண்ணில் பட்டது.

பங்குனியில் நாங்கள் கொடுமுடிக்குப் போய்க் காவேரியில் தீர்த்தம் மொண்டு, முத்தரித்துக் கட்டிக்கொண்டு நடந்தே பழநிக்குப் போகிற வழக்கம் உண்டு. அபிஷேகம் போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வருஷம் முழுக்க வைத்திருப்போம். காய்ச்சல் என்றால் ஒரு வாய், கன்று ஈனாமல் முக்கும் மாட்டுக்கு ஒரு கை. தோப்புக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வண்டிக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று அவரே முன்பு சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காவேரித் தண்ணீரை விட நல்ல தண்ணீருக்கு நான் எங்கே போவேன்?

மறுநாள் விடியலில் அவர் தோப்புக்குக் கிளம்பியதும் பானெட்டைத் தூக்கினேன். டப்பா மூடியைத் திருகி, கோடு வரைக்கும் தீர்த்தத்தை ஊற்றினேன். அதில் மஞ்சள் கலந்திருந்தது. துளசியும் வேப்பிலையும் இருந்தன. இருக்கட்டும், அதுவும் மருந்துதானே. கை ஓயவில்லை, ஒரு சிட்டிகை விபூதியும் போட்டேன். மூடியை இறுக்கி, மேலே குங்குமம் வைத்துவிட்டுப் பிறகு யோசித்துத் துடைத்தேன். அவர் வந்து பார்த்தார். "தண்ணி நல்லாத்தானே இருக்குது?" என்று குழம்பினார். "நீங்க நேத்து இருட்டுல பாத்திருப்பீங்க" என்றேன்.

அடுத்த சில நாள் காலையிலும் இதே கைங்கரியம். டப்பா தினமும் குறைந்தது, நான் தினமும் நிரப்பினேன். முருகன் குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வளையல் வாங்கப் பொள்ளாச்சிக்குப் புறப்பட்டோம். கோபாலபுரம் தாண்டியதும் முள் மேலே ஏறியது, சிவப்பைத் தொட்டது. பிறகு முன்னால் இருந்து புஸ்ஸென்று ஆவி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டி இறங்கினோம். அவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு டப்பா மூடியைத் திறக்கப் போனார்.

"தொடாதீங்க! குக்கர விசில் வரைல தெறப்பாங்களா ஆராச்சும்?" என்று கத்தினேன்.

கையை எடுத்துக்கொண்டார். ஆவியில் இப்போது பாகு வாசம் இல்லை. மாரியம்மன் கோயிலில் அபிஷேகம் முடிந்து கதவு திறந்ததும் வருமே, அந்த வாசம். அவர் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். நான் வளையல் கடைகளைப் பற்றிப் பேசினேன்.

அவர் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

தேங்காய் இறக்கிவிட்டுத் திரும்பிய பிக்கப் ஒன்று காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய், கொழிஞ்சாம்பாறையில் பாய் வர்க்‌ஷாப்பில் விட்டது. பாய் எங்கள் வட்டாரத்தில் கெட்டிக்காரர். அவருடைய அப்பா துணி வியாபாரம். இவர் மட்டும் இன்ஜினுக்குள் கையை விட்டுவிட்டார். அவரிடம் ஒரே ஒரு கோளாறு. எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பார். அது எந்த நாளைக்கு என்று கேட்கக் கூடாது.

முதலில் ஒரு மிஷினை எடுத்து வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, ஈசிஜி எடுப்பது போல உற்றுப் பார்த்தார். "சூடு கூடிருச்சுன்னு சொல்லுது" என்றார்.

"அத நாங்களே சொல்லுவமே, அதுக்கு மிஷின் எதுக்கு?" என்றேன்.

"மிஷின் சொன்னாத்தான் சில பேரு நம்பறாங்கக்கா" என்றார் பாய், எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து.

ஆறட்டும் என்று விட்டு, பிறகு இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைக் காட்டினார். பால் அதிகமாகிவிட்ட காப்பி போல வழுவழுவென்று ஒட்டியிருந்தது. தண்ணீரும் ஆயிலும் உள்ளே கலந்துவிட்டன, இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றார். அப்புறம் ரேடியேட்டரின் கீழே வாளியை வைத்துத் திறந்துவிட்டார்.

மஞ்சளாக வந்தது. பாய் குனிந்து பார்த்தார். விரலை விட்டு ஒரு துளசி இலையை எடுத்தார். பிறகு ஒரு வேப்பிலை.

"அக்கா, இதுல ஆராச்சும் ரசம் வெச்சீங்களா?"

எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். சுவரில் இருந்த டயர் கம்பெனிக் காலண்டரில் நல்ல நேரம் எப்போது என்று நான் படித்துக்கொண்டிருந்தேன்.

"அம்முணி" என்றார். அவர் அப்படிக் கூப்பிட்டால் நான் வேறெங்கும் பார்க்க முடியாது.

"தீர்த்தமுங்க. கொடுமுடித் தீர்த்தம். கொஞ்சூண்டு திந்நூறு."

வர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய்தான் முதலில் பேசினார். "தீர்த்தமா? அய்யோ, கொஞ்சம் கீழ சிந்திட்டனே" என்று பதறி, வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். முஸ்லிம் வீட்டுக் கறிவேப்பிலைக்குக் காவேரித் தீர்த்தம். முருகன் இதற்கு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். டீசல் வாசம் பட்ட தீர்த்தம் என்று அந்தச் செடிதான் ஏதாவது சொல்லியிருக்கும்.

எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா பாய்? இவ கெடுத்த கெடுப்பு" என்றார்.

"இருங்கண்ணா" என்றார் பாய். "அக்கா ஊத்தறதுக்கு முன்னாடியே வாட்டர் பம்ப்புல ஒழுக்கு. கூலண்ட், அந்தப் பச்சத் தண்ணி, சூடான எடத்துல சொட்டுனா இனிச்ச வாசம் அடிக்கும். வாசம் வந்துச்சா, வரலையா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். நான் பேசினேன். "வந்துச்சுங்க. திங்கற நெனப்புன்னு சொன்னாங்க."

"அப்பவே வந்திருந்தா பம்ப்ப மாத்திட்டுப் போயிருக்கலாம். எலையும் சாம்பலும் போயித் தெர்மோஸ்டாட்ட அடச்சிருச்சு. அது தொறந்தாத்தான் தண்ணி சுத்தும். சுத்தலைன்னா ஹெட் வெந்து வளஞ்சுரும். ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணிருக்கீங்க. நல்ல பொருத்தம்" என்றார் பாய். "ஹெட்டக் கழட்டிக் கோயம்புத்தூர் லேத்துக்கு அனுப்பி மட்டம் பண்ணோணும். பம்ப், கேஸ்கட், தெர்மோஸ்டாட் புதுசு. ரேடியேட்டரக் கழுவோணும்."

"எப்பக் கெடைக்கும்?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டோம். கேட்ட தினுசு வேறு வேறு.

"நாளைக்கு" என்றார் பாய்.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது எங்கள் வீட்டுக்காரர் சாந்தமாக இருந்தார். காற்று வாங்கியபடி, "முருகனே வேண்டாம்னு சொல்லிட்டான், பாத்தியா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் சாமியை எடுத்து என்னையே அடிப்பதா? அன்றைக்குப் பூஜை அறையில் விளக்கு மட்டும் வைத்தேன். பேச்சுவார்த்தை இல்லை. முருகனுக்கு அது உறைத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு வர்க்‌ஷாப்புக்குப் போனேன். எந்த வண்டியிலிருந்தோ கழற்றிப் போட்டிருந்த பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

"என்னக்கா இங்க?"

"நீங்க நாளைக்குன்னு சொன்னீங்களே. அந்த நாளைக்கு இன்னிக்குத்தான வருது?"

பாய் தலையைச் சொறிந்தார். வேறு காரின் கீழ் படுத்திருந்தவர் எழுந்து எங்கள் காருக்கு வந்தார். வருகிற ஆள்களெல்லாம் என்னைப் பார்த்துவிட்டு, "ஆரு பாய், புது ஸ்டாஃபா?" என்றார்கள். "ஓனர்" என்றார் பாய் வெறுப்போடு. மத்தியானம் அவருக்கும் சோறு போட்டேன். என் கையால் பருப்பும் நெய்யும் தின்றுவிட்டு நாளைக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சாயங்காலத்துக்குள் ஹெட்டைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். மனிதனின் தலையைத் தனியாகப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு. கும்பிட்டுக்கொண்டேன்.

புதனும் உட்கார்ந்தேன். பம்ப் மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றிப் பின்னாலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியதும் விபூதி குழம்பாக வந்தது. "பஞ்சாமிர்தம் போடலயே, அந்த மட்டும் தப்பிச்சேன்" என்றார் பாய். அதையும் யோசித்திருந்தேன் என்பதை நான் சொல்லவில்லை.

இடையில் மகள் போன். "அம்மா, அப்பா என்ன சொல்றாரு?"

"வண்டி ரெடியாகிட்டு இருக்குது கண்ணு."

"வண்டியக் கேக்கல. அப்பா என்ன சொல்றாருன்னு கேட்டேன்."

இங்கே பெரிய சத்தம், கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பாய் அப்போது நூல்துணியால் கை துடைத்துக்கொண்டிருந்தார், ஒரு சத்தமும் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசியமே இல்லாமல் ஒரு சுத்தியலை எடுத்து எதையோ தட்டினார்.

வியாழன் மத்தியானம் பாய் லேத்துக்குப் போன் போட்டார். முகம் சுருங்கியது. "அக்கா, உள்ளதச் சொல்றேன். அங்க வேலை குமிஞ்சு கெடக்குது. நம்ம ஹெட் அப்படியே இருக்குது. சனிக்கிழமைதான் தருவானாம்." முதல் தடவையாக நாளைக்கு என்று சொல்லாமல் ஒரு கிழமையின் பெயரைச் சொன்னார். அதனால் அது உண்மை என்று புரிந்தது. தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அரிசி ஊறப் போடவா, வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். அவர் அங்கே இல்லை, மொபெட்டும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாயிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு இங்க நிக்கறாருங்க."

"அங்க என்னத்துக்கு?"

"கோயம்புத்தூர் போயி லேத்துக்காரன்கிட்ட மல்லுக்கு நின்னு, முன்னாடி உக்காந்து வேலைய முடிக்க வெச்சு, ஹெட்ட சாக்குல சுத்தி மொபெட்டுல கொண்டாந்துட்டாருங்க. இப்ப என் தலைமாட்டுல நின்னு என்னைத் திட்டறாரு. நீங்க சோறாச்சும் போட்டீங்க. இவரு சும்மா திட்டறாரு. ஒண்ணு இவரக் கூட்டிட்டுப் போங்க, இல்ல நீங்களும் வாங்க."

"ரெண்டும் முடியாது பாய். எனக்குக் கட்டுச்சோறு கிளர்ற வேலை இருக்குது" என்றேன். முருகனோடு பேச்சை மறுபடியும் ஆரம்பித்தேன். அரிசியை ஊறப் போட்டபடியேதான்.

பாயும் அவரும் வர்க்‌ஷாப்பிலேயே இரவைக் கழித்திருக்கிறார்கள். விடிந்ததும் கார் வாசலில் வந்து நின்றது. பாயே ஓட்டி வந்தார். இன்ஜினை ஓட விட்டு, முள் நடுவில் போய் நின்றதை எனக்குக் காட்டினார். மின்விசிறி தானாகச் சுற்றுவதைக் காட்டினார். டப்பாவில் இருந்த பச்சைத் தண்ணீரைக் காட்டி, "அக்கா, இது கூலண்ட். கொறஞ்சா என்னைக் கூப்புடுங்க. முருகன அப்புறமாக் கூப்புடலாம்" என்றார். அவர் கையில் ஒரு தூக்குப் புளிசோறைக் கொடுத்தேன். அதை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பொள்ளாச்சி, உடுமலை வரைக்கும் எங்கள் வீட்டுக்காரர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். சின்னாறு செக்போஸ்ட் தாண்டிக் காட்டுக்குள் ஏற ஆரம்பித்ததும் ரோட்டைப் பார்க்கிற நேரத்தை விட முள்ளைப் பார்க்கிற நேரம் அதிகமாகிவிட்டது. "ஏனுங்க, ஆனை நின்னா முள்ளுல தெரியாதுங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நேத்து புள்ள போன் பண்ணுச்சு."

"என்னன்னுங்க?"

"வண்டி ரிப்பேருன்னு அம்மா சொன்னாங்க, பரவாயில்லீங்கப்பா, நானே பஸ்ஸுல வந்தர்றேன்னு சொல்லுச்சு." கொஞ்ச தூரம் ஓட்டினார். ஒரு வளைவு திரும்பினார். "பரவாயில்லீங்கப்பாங்குது. சண்டை போட்டிருந்தாக்கூட நான் பேசாம இருந்திருப்பேன்."

நான் வெளியே பார்த்துக்கொண்டேன். அவர் பேசும்போது திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவார்.

மறையூர் எட்டியபோது எனக்கு உயிர் போனது. பாகு வாசம்! சன்னமாகக்கூட இல்லை, மூக்கை அடைக்கிற மாதிரி. அவருக்கும் வந்துவிட்டது, முகம் வெளுத்தது. இந்தத் தடவை திங்கற நெனப்பு என்று சொல்லவில்லை. வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, பம்ப், ஓஸ், டப்பா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தன. முள் நடுவில். நான் கண்ணை மூடி வேண்டுதலைப் பாதி சொல்லியிருந்தேன், மொட்டை வரைக்கும் போய்விட்டேன்.

"அம்முணி" என்றார் அவர். "அங்க பாரு."

ரோட்டுக்குக் கீழே கரும்புக் காடு. நடுவில் ஓலைக் கொட்டகை, அதிலிருந்து புகை. பெரிய கொப்பரையில் ஒரு ஆள் பாகைக் கிளறிக்கொண்டிருந்தார். மறையூரில் வெல்லம் காய்ச்சுவது உலகத்துக்கே தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது. அவர் பானெட்டைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து, வேட்டி நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு, மகளுடைய கல்யாணத்துக்குப் பிறகு, அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வேண்டுதலை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னது சொன்னதுதான். ஆனால் மொட்டை அவருக்கு என்று மாற்றிக்கொண்டேன்.

மூணாறு தாண்டி, பூப்பாறை தாண்டி, உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில் சம்மந்தி வீட்டு வாசலில் போய் நின்றோம். ஏற்றமெல்லாம் ஏறி வந்த வண்டி கொஞ்சம்கூட முனகவில்லை. நான் தூக்குகளோடு இறங்கினேன். சம்மந்தியும் சம்மந்தியம்மாவும் வாசலுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை ஓடி வந்து தூக்குகளை வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்காரர் இறங்கவில்லை. இன்ஜினும் ஓடிக்கொண்டே இருந்தது.

"வாங்க சம்மந்தி, எறங்குங்க" என்றார் அந்த வீட்டுப் பெரியவர், கண்ணாடிப் பக்கம் குனிந்து.

"வர்றனுங்க. மலை ஏறி வந்த இன்ஜின உடனே அணைக்கக் கூடாதுங்க. கொஞ்ச நேரம் சும்மா ஓடோணும். மெக்கானிக்கு சொல்லியிருக்காரு."

"ஆமாமா, அதுவும் சரிதான்" என்று அவர் ஒத்துக்கொண்டார். இருவரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டார்கள். பெரியவர் பானெட்டை ஒரு தட்டுத் தட்டினார். இவரோ, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்னால் யாரோ வழி மறிப்பது போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முள் எப்போதோ இறங்கிவிட்டது. இன்ஜினுக்கு அதற்கு மேல் ஆறுவதற்கு ஒன்றும் இல்லை. சம்மந்தியம்மா என் காதருகில் வந்து, "அண்ணன் வரமாட்டாகளோ?" என்று கேட்டார். நான் தூக்கு மூடிகளை எண்ணுவது போல நின்றேன்.

அப்போது மகள் உள்ளேயிருந்து வந்தாள். வயிற்றைத் தாங்கியபடி, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, மாமனாரைத் தாண்டி, ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடிக்கு வந்தாள். அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. திறந்திருந்த கண்ணாடி வழியாகக் கையை உள்ளே விட்டு, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"எறங்குங்கப்பா" என்றாள்.

அவர் சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாதவர் போலத் தடவினார். கழற்றினார், இறங்கினார். பெயின்ட் தேய்ந்த அந்தக் கதவை மெதுவாக, சத்தம் வராமல் சாத்தினார். மகளுடைய வயிற்றைப் பார்க்காமல் அவள் முகத்தை மட்டும் பார்த்து, "உன்னக் கூப்புட்டுட்டுப் போலாம்னு வந்தேன் கண்ணு" என்றார்.